காலடிக் கணக்கு

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். ஒரு கடையை உடைத்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். ஸ்பானியர் ஆண்டுகொண்டிருந்த ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் விடுதலை. போகும் வழியெல்லாம் முரசறைந்தார்கள். அந்த ஓசை கேட்டு வழியிலிருந்த தோட்டங்களிலிருந்து மேலும் பலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். மாலைக்குள் குடியேறிகளின் ஆயுதப்படை அவர்களைச் சுற்றி வளைத்துவிட்டது.

மறு ஆண்டு, 1740இல், காலனியின் சட்டமன்றம் அடிமைகளைக் கட்டுப்படுத்தும் பெரியதொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அடிமைகள் முரசும் கொம்பும் பிற பேரொலிக் கருவிகளும் வைத்திருப்பதையும் முழக்குவதையும் அதன் ஒரு பிரிவு தடுத்தது. அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுன் அபராதம் விதித்தது.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. ஒடுக்கியவர்களுக்குத் தாளத்தின் மதிப்பு தெரிந்திருந்தது. எழுத்தைப் போலவே தாளமும் செய்தி சுமக்கும், தூரத்தில் இருப்பவரை அழைக்கும், சிதறியவர்களைச் சேர்க்கும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள். தமிழ் வாசகருக்கு இங்கே பறை நினைவுக்கு வரும். ஆனால் ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்க முடியாது. அங்கே முரசைப் பறித்தார்கள். இங்கே பறையை ஒரு சாதியின் தலையில் சுமத்திவிட்டு, எழுத்தை மட்டும் மறுத்தார்கள்.

முரசு போன பிறகு உடம்பே முரசாயிற்று. தொடை, மார்பு, உள்ளங்கை எல்லாவற்றையும் தட்டித் தாளம் எழுப்பும் ‘ஜூபா’ அப்படித்தான் வளர்ந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் வட்டமாகச் சுற்றிவந்து ஆடிய ‘ரிங் ஷவுட்’ இன்னும் நுட்பமானது. அதில் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தால் அது நடனமாகிவிடும், நடனமென்றால் தேவாலயத்தின் பார்வையில் பாவம். ஆகவே பாதத்தைத் தரையில் இழுத்து வைத்தபடியே, கைதட்டில் ஒரு தாளமும் குரலில் ஒரு தாளமும் காலில் ஒரு தாளமுமாக ஆடினார்கள். பின்னாளில் வந்த டேப் நடனம், கறுப்பினக் கல்லூரி மாணவர் சங்கங்களில் வளர்ந்த ‘ஸ்டெப்’, தெருவோரச் சிறுமிகளின் கைதட்டு விளையாட்டுகள் எல்லாம் இவற்றின் வழித்தோன்றல்களே.

‘டபுள் டச்’ என்ற கயிறு தாண்டும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு நீளக் கயிறுகளை இருவர் எதிரெதிர்த் திசையில் சுழற்றுகிறார்கள். மூன்றாமவள் இரண்டுக்கும் நடுவே புக வேண்டும். எந்தக் கயிறு எப்போது தரையைத் தொடும் என்பதைக் காதும் கண்ணும் சேர்ந்து முன்கூட்டியே கணித்தால்தான் நுழைய முடியும். நுழைந்த பிறகு பாட்டு, திருப்பம், குனிந்து தரையைத் தொடுவது என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். 1974இல் நியூயார்க் நகரக் காவல்துறையினர் இருவர் இதற்குப் போட்டியே நடத்தத் தொடங்கினார்கள். இசையியல் ஆய்வாளர் கைரா காண்ட் 2006இல் கறுப்பினச் சிறுமிகளின் விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூலில், கறுப்பின இசையின் அடிப்படைப் பாடங்கள் இந்தத் தெருவிளையாட்டுகளில்தான் உடம்பில் ஏறுகின்றன என்று காட்டினார். அந்தப் பாடத்தைப் படைத்தவர்கள் சிறுமிகள் என்பதாலேயே உலகம் அதைக் கவனிக்கவில்லை என்பதும் அவர் வாதம்.

நம் மிருதங்கக்காரர்களும் நட்டுவனார்களும் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்: கணக்கு. ஒரு கோவையை முடிக்கும் தீர்மானம், தாளச் சுற்றின் தொடக்கமான சமத்தில் வந்து விழ வேண்டுமென்றால் ஆடும் பிள்ளை மூன்றும் ஐந்தும் ஏழும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் அவளிடம் தாள் கொடுத்துக் கேட்பதில்லை. கேட்டால், அதே பிள்ளை ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லவும் கூடும்.

உடம்பின் கணக்குக்கும் பள்ளிக் கணக்குக்கும் நடுவிலான இந்த இடைவெளி அமெரிக்காவில் வெகு ஆழமானது. காலால் இவ்வளவு கணக்குப் போடும் கறுப்பினச் சிறுமி, கணினி வகுப்பு வாசலில் வந்து நின்றதும் ஏதும் அறியாதவளாகிவிடுகிறாள். இந்த மாற்றம் எப்படி நேர்கிறது, அதை எப்படித் தலைகீழாக்குவது என்று கேட்ட சிலரின் முயற்சிகளைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

தென் கரோலினாவிலிருந்தே தொடங்கலாம். அங்குள்ள கிளெம்சன் பல்கலைக்கழகம், ஜான் சி. கால்ஹூனின் ஃபோர்ட் ஹில் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்தது. கால்ஹூன் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். அடிமைமுறை ஒரு நன்மை என்று 1837இல் செனட்டில் நின்று வாதாடியவர். அவருக்கு அடிமைகளாக இருந்தவர்கள் உழைத்த மண் அது. 2010களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஷாண்ட்ரா டெய்லி என்ற கறுப்பினப் பெண் கணினியியல் பேராசிரியர், கல்வித்துறையைச் சேர்ந்த ஆலிசன் லெனர்ட், மெய்நிகர் உலகங்களில் வல்லுநரான சபரீஷ் பாபு முதலியோருடன் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிச் சிறுமிகளுக்கு நடனத்தின் வழியே கணினிச் சிந்தனையைக் கற்பிப்பது அதன் நோக்கம். முதலில் ‘ஆலிஸ்’ என்ற முப்பரிமாண நிரல் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பிறகு இதற்கென்றே ‘வென்வி’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள்.

முறை எளிமையானது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் மேசையை ஒதுக்கிவிட்டு எழுந்து ஆடுகிறார்கள். பிறகு திரையில் இருக்கும் ஓர் உருவத்தை அதே ஆட்டத்தை ஆட வைக்க நிரல் எழுதுகிறார்கள். வலது கால் பக்கவாட்டில், இடது கால் வந்து சேர, கைதட்டு: இது ஒரு வரிசை. இதையே நான்கு முறை செய்யச் சொன்னால், நான்கு முறை எழுத வேண்டியதில்லை, ஒரு முறை எழுதி ‘நான்கு தடவை’ என்றால் போதும். கணினிக்காரர்கள் இதை லூப் என்பார்கள். பாட்டில் பல்லவி திரும்ப வந்தால் இந்த அடி, இல்லையென்றால் அந்த அடி என்பது நிபந்தனை. கால் ஒன்றைச் செய்யும்போதே கை வேறொன்றைச் செய்வது இணைச்செயல். நிரல் கற்கத் தொடங்குபவர்களைத் திணறடிக்கும் கருத்துகளில் இந்த இணைச்செயலும் ஒன்று. ஆடத் தெரிந்தவளுக்கோ அது முதல் நாளே செய்து பழகிய காரியம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிரலில் எழுதாத எதையும் அந்த உருவம் செய்யாது. அவள் உடம்பு யோசிக்காமலே செய்துவந்த எத்தனையோ விஷயங்கள், எப்போது நிறுத்துவது, எந்த எண்ணிக்கையில் திரும்புவது என்பவை, திரையில் விடுபட்டுப்போய் நிற்கும். தனக்கு என்ன தெரியும் என்பதை அவள் அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறாள். மறுபடி எழுந்து ஆடிப் பார்த்து, எண்ணி, வந்து திருத்துகிறாள். அறிவு உடம்பிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து குறியீட்டுக்கும் போய், மீண்டும் உடம்புக்கே திரும்புகிறது. இந்தத் திட்டத்தைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்றில், தலையில் மாட்டும் மெய்நிகர்த் திரை வழியே தாங்கள் உருவாக்கிய ஆடுநரை எதிரெதிரே நின்று பார்க்கும் வாய்ப்பும் மாணவர்களுக்குத் தரப்பட்டது.

இந்தச் சிந்தனைக்கு ஒரு மூத்த தலைமுறை உண்டு. சிறுவர்களுக்கான ‘லோகோ’ நிரல்மொழி 1967இல் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பாப்பர்ட், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், மாணவப் பருவத்தில் நிறவெறியை எதிர்த்தவர். லோகோவில் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுப் படம் வரைய வேண்டும். வட்டம் வரைவது எப்படி என்று பிள்ளைக்குத் தெரியவில்லையென்றால், சூத்திரம் சொல்லித்தரக் கூடாது, ‘நீயே ஆமையாகி நடந்து பார்’ என்று சொல்ல வேண்டும் என்பார் பாப்பர்ட். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் திரும்பு, மறுபடியும் அதையே செய்: வட்டம் கிடைத்துவிடும். 1980இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் அவர் பிரேசிலின் சாம்பாப் பள்ளிகளைப் பற்றி எழுதினார். ரியோ நகரில் திருவிழாவுக்காக ஆண்டு முழுதும் ஒத்திகை பார்க்கும் மன்றங்கள் அவை. அங்கே தேர்ந்தவரும் புதியவரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். குழந்தையும் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கற்றுத் தருவதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் கிடையாது. கணிதம் கற்கும் இடமும் இப்படி இருந்தால் என்ன என்று அவர் கேட்டார். கணினிக் கல்வியின் முன்னோடி ஒருவர் தன் கனவுப் பள்ளிக்கு முன்மாதிரியாக ரியோவின் ஏழைக் கறுப்பின மக்களின் நடனக் கூடத்தைக் காட்டினார் என்பதைக் கணினி ஆசிரியர்கள் பலரும் மறந்துவிட்டார்கள்.

நடனத்தின் வழியே கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வழிதேடிய இன்னொருவர் யமிலே தூசான். எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர், நடனமும் ஆடுபவர். பட்டம் பெற்ற பிறகு புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இயற்கணிதம் கற்பித்தார். நகரின் வறிய பகுதிகளில் ஒன்று அது. மாணவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 2012இல் அவர் ‘ஸ்டெம் ஃப்ரம் டான்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்து அமெரிக்கர்கள் வழங்கும் பெயர் ஸ்டெம். நடனத்திலிருந்து ஸ்டெம்முக்கு என்று பெயரிலேயே திசை தெரிகிறது.

அங்கே சிறுமிகள் குழுவாகச் சேர்ந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தாங்களே ஆட்டத்தை அமைக்கிறார்கள். உடையில் நிரலால் இயங்கும் எல்இடி விளக்குகளைப் பொருத்துகிறார்கள். தாளம் மாறும்போது நிறம் மாற வேண்டும், கை உயரும்போது ஒளிர வேண்டும் என்றால் அதற்கு மின்சுற்றும் உணரியும் நிரலும் வேண்டும். கடைசியில் குடும்பத்தினர் முன்னால் மேடையேறுகிறார்கள். அந்த மேடை இல்லாவிட்டால் இது இன்னொரு கணினி வகுப்பு மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை அம்மா வந்து உட்காரப் போகிறாள், விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு பிள்ளையைச் செய்யவைப்பதை மதிப்பெண் செய்யவைக்காது.

ஒத்திகை என்ற பழக்கத்தையும் இங்கே பேச வேண்டும். கணித வகுப்பில் தவறான விடை ஒரு தீர்ப்பு. பலகை முன்னால் நின்று தவறியவள் அடுத்த முறை கை தூக்கமாட்டாள். நடனத்தில் அடி தவறினால் ‘முதலிலிருந்து’ என்பார்கள். இருபது முறை தவறினாலும் இருபத்தோராவது முறை ஆடுவாள், அதை யாரும் அவளுடைய அறிவுக்குறை என்று நினைப்பதில்லை. நிரல் எழுதுபவரின் அன்றாடமும் இதேதான். எழுதியது ஓடாது, பிழையைத் தேட வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். வேலையின் பெரும்பகுதியே பிழை தேடுவது. ஆடிப் பழகியவள் இந்தப் பொறுமையை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிறாள். அதைக் கணினிக்கு முன்னாலும் செலவழிக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கருவி எந்த உருவில் கையில் கிடைக்கிறது என்பதும் யார் அதைத் தொடுகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. லியா பியூக்லி உருவாக்கிய ‘லில்லிபேட்’ 2007இல் விற்பனைக்கு வந்தது. துணியில் தைக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகை அது. கம்பிக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் நூல், பற்றவைப்புக்குப் பதிலாக ஊசி. அதன் தாய்க்கருவியான ‘ஆர்டுயினோ’வும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும். 2010இல் பியூக்லியும் பெஞ்சமின் மாகோ ஹில்லும், இவ்விரு கருவிகளாலும் செய்து மக்கள் பொதுவெளியில் பகிர்ந்தவற்றைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஆர்டுயினோவால் செய்யப்பட்டவற்றில் பெண்கள் செய்தவை நூற்றுக்கு 2. லில்லிபேடால் செய்யப்பட்டவற்றில் பெண்கள் செய்தவை நூற்றுக்கு 65. பெண்களுக்கு மின்னணுவியலில் ஆர்வமில்லை என்று காலகாலமாகச் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் பார்த்ததில்லை.

நடனத்தையும் அறிவியலையும் ஒரே உடம்பில் தாங்கியவர்களில் உலகம் அறிந்த பெயர் மே ஜெமிசன். 1956இல் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். மழலையர் வகுப்பில், பெரியவளானால் என்ன ஆவாய் என்ற கேள்விக்கு விஞ்ஞானி என்று சொன்னார். நர்ஸைத்தானே சொல்கிறாய் என்று திருத்தினார் ஆசிரியை. 16 வயதில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அங்கே வேதிப் பொறியியல் படித்ததோடு நடன நிகழ்ச்சியும் அமைத்தார். கார்னெலில் மருத்துவம் படித்தபோதும் நடன வகுப்பை விடவில்லை. நடனமா மருத்துவமா என்று தடுமாறிய காலத்தில் அவருடைய தாய் சொன்ன யோசனை, மருத்துவராகிவிட்டால் ஆடவும் செய்யலாம், ஆடுபவளாக மட்டும் இருந்துவிட்டால் மருத்துவம் பார்க்க முடியாது என்பது. எந்த ஊர்த் தாயும் சொல்லக்கூடியதுதான்.

1992 செப்டம்பர் 12 அன்று எண்டவர் விண்கலத்தில் ஏறியபோது ஜெமிசன் சில பொருள்களை உடன் எடுத்துச் சென்றார். கறுப்பின நடன அமைப்பாளர் ஆல்வின் ஏலியின் நடனக் குழுவின் சுவரொட்டி அவற்றில் ஒன்று. அதில் அக்குழுவின் ஆடுநர் ஜூடித் ஜேமிசன் ‘க்ரை’ நடனத்தில் இருக்கிறார். 1971இல் ஏலி தன் தாயின் பிறந்தநாளுக்காகப் படைத்த தனிநடனம் அது. எங்குமுள்ள எல்லாக் கறுப்பினப் பெண்களுக்கும், சிறப்பாகத் தாய்மார்களுக்கும் அதைக் காணிக்கையாக்கினார். சுமார் 16 நிமிடம் ஒரே பெண் மேடையில் ஆடுகிறாள். நீண்ட வெள்ளைத் துணி ஒன்று முதலில் தரை துடைக்கும் கந்தலாகவும் பின்னர் போர்வையாகவும் தலைப்பாகையாகவும் மாறுகிறது. விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண், வீடு துடைத்துப் பிழைத்த பெண்களின் நடனத்தை உடன் கொண்டுபோனார். விண்கலத்தைப் படைத்த கற்பனையும் அந்த நடனத்தைப் படைத்த கற்பனையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்று பின்னாளில் அவர் பல மேடைகளில் பேசினார்.

ஜெமிசனுக்கு யாரும் நடனத்தைக் காட்டி அறிவியலுக்கு ஆசை காட்டவில்லை. இரண்டும் அவருக்கு முன்பே வேண்டியிருந்தன. இதைச் சொல்லக் காரணம், இந்தத் திட்டங்களின்மீது ஒரு நியாயமான ஐயம் உண்டு என்பதுதான். கறுப்பினத்தவர் என்றால் பிறவியிலேயே ஆடுவார்கள் என்பது அமெரிக்காவின் பழைய நிறவெறிக் கற்பிதங்களில் ஒன்று. உடம்பு அவர்களுக்கு, மூளை மற்றவர்களுக்கு என்ற பாகப்பிரிவினை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அப்படியிருக்க, கறுப்பினச் சிறுமிகளைக் கூப்பிட்டு ‘வா, ஆடு, கூடவே கோடிங்கும் படி’ என்றால் அந்தக் கற்பிதத்துக்குத்தானே தீனி போடுகிறோம்? கசப்பு மாத்திரைக்குத் தேன் தடவுவதுபோல நடனத்தைக் கணினிக்குத் தடவுவது நடனத்துக்கும் அவமதிப்பு, பிள்ளைக்கும் அவமதிப்பு.

இந்த ஐயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் ஸ்டான்ஃபோர்டில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு இது என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். அதே தாளை அளவிடும் நோக்கமில்லை என்று சொல்லிக் கொடுத்தபோது இடைவெளி சுருங்கியது. இந்த விளைவு எவ்வளவு பெரிது என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தன் இனத்தைப் பற்றிய இழிசொல் தேர்வறைக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை அனுபவித்தவர்கள் மறுப்பதில்லை. கற்பிதத்தைக் கலையவந்த திட்டம் இன்னொரு கற்பிதத்தை எழுப்பிவிடக் கூடாது.

என் முடிவு இது. நடனம் தூண்டில் இரையாக வந்தால் அது தோற்கும், தோற்கவும் வேண்டும். அறிவாக வந்தால் வெல்லும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: அந்த அறையில் யாருக்கு அதிகம் தெரிகிறது? நிரல் தெரிந்த ஆசிரியர் கொடுத்த நடனத்தைச் சிறுமி ஆடினால், அறிவு இன்னும் மேலிருந்துதான் வருகிறது. சிறுமி அமைத்த நடனத்துக்கு என்ன நிரல் வேண்டும் என்று ஆசிரியர் அவளிடம் கேட்க நேர்ந்தால், அவள்தான் அங்கே வித்தை தெரிந்தவள், கணினி அவளிடம் கற்க வந்திருக்கிறது. கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் முன்வைத்த பண்பாடு சார்ந்த கற்பித்தல் கோட்பாட்டின் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளை தன் பண்பாட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் நடனம் சரியான இடம். தொழில்நுட்ப நிறுவனங்கள் ஏற்கெனவே இந்தச் சிறுமிகளின் நடனத்தில் பணம் பண்ணிக்கொண்டிருக்கின்றன. 2019இல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுமி ஜலாயா ஹார்மன் ‘ரெனிகேட்’ என்ற சிறு நடனத்தை அமைத்து இணையத்தில் ஏற்றினாள். அது டிக்டாக்குக்குப் போய் உலகமே ஆடியது. வேறு சிலர் அதனால் நட்சத்திரமானார்கள். அவள் பெயர் எங்கும் இல்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவளைத் தேடிக் கண்டு எழுதிய பிறகே உரியவளுக்குப் பேர் கிடைத்தது. அந்த மாதமே சிகாகோவில் நடந்த என்பிஏ நட்சத்திரக் கூடைப்பந்து நிகழ்வில் அவள் ஆடினாள். இவ்வளவு சீக்கிரம் நீதி கிடைப்பது அரிது. 2021 கோடையில், இப்படிப் பெயர் மறைக்கப்படுவதை எதிர்த்து, டிக்டாக்கின் கறுப்பினப் படைப்பாளிகள் பலர் புதுப்பாட்டு ஒன்றுக்கு நடனம் அமைத்துத் தர மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

உடம்பைப் பார்க்கும் இயந்திரங்களும் நடுநிலையானவை அல்ல. எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மாணவியாக இருந்த ஜாய் புவலம்வினியின் முகத்தை ஒரு மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி அணிந்தவுடன் கண்டுகொண்டது. 2018இல் அவரும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலையில், கருநிறப் பெண்கள் விஷயத்தில் பிழை 34.7 விழுக்காடு வரை போயிற்று. வெண்ணிற ஆண்கள் விஷயத்தில் அது 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இந்தப் பின்னணியில் ‘டான்ஸ்ஆன்’ என்ற கருவியைப் பார்க்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கெய்லா டெபோர்ட்ஸ், வில்லி பெய்ன் முதலிய ஆய்வாளர்கள் ஸ்டெம் ஃப்ரம் டான்ஸ் அமைப்போடு கூடி அதை வடிவமைத்தார்கள். பெருந்தொற்றுக் காலமான 2020 கோடையில் அந்த அமைப்பின் முகாம் இணையவழிக்கு மாறியது. சிறுமிகள் வீட்டிலேயே ஆடிப் படம்பிடித்தார்கள். மென்பொருள் அந்தக் காணொளியில் மூக்கு, தோள், மணிக்கட்டு, முழங்கால் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு கணமும் எண்களாகக் கண்டறியும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு சிறுமி நிரல் எழுதுவாள். மணிக்கட்டு தோளுக்கு மேல் போனால் வட்டம் வரை, இரண்டு கைகளுக்கும் நடுவே கோடு இழு, முழங்கால் மடங்கும்போது நிறத்தை மாற்று. வடிவியலும் ஆயத்தொலைவும் அவள் உடம்பின் மேலேயே எழுதப்படுகின்றன. மென்பொருள் தன்னை எப்போது சரியாகப் பார்க்கிறது, எப்போது தவறவிடுகிறது என்பதையும் அவள் நேரில் காண்கிறாள். இயந்திரக் கற்றலைப் பற்றி இதைவிட நல்ல முதல் பாடம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. இந்த அனுபவத்தைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளியாயிற்று.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்காவில் கணினியியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984இல் 37 விழுக்காடு. பின்னர் அது ஏறக்குறைய 18க்குச் சரிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் கணினியியல் சேர்க்கை முறையையும் பாடத்தையும் மாற்றி, 1995இல் 7 விழுக்காடாக இருந்த மாணவியரை 2000இல் 42 ஆக்கிக் காட்டியது. கதவைத் திறந்தால் வருவார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் பெண் என்ற ஒரே பெட்டியில் எல்லாரையும் போட்டுவிட்டால் நிறம் மறைந்துபோகும். இதை 1975 டிசம்பரிலேயே முப்பது பெண் அறிவியலாளர்கள் கூடிப் பேசினார்கள். கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் மெக்சிக அமெரிக்கரும் போர்ட்டோரிக்கரும் அதில் இருந்தார்கள். ஷர்லி மால்கம் முதலியோர் 1976இல் அதை ‘இரட்டைக் கட்டு’ என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கையாக்கினார்கள். பாலினமும் நிறமும் சேர்ந்து இறுக்கும் கட்டு. 2011இல் அதே பொருளில் அடுத்த தலைமுறையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஷர்லி மால்கமும் அவருடைய மகளும்.

மகள் வளர்ந்து தாயோடு சேர்ந்து ஆய்வெழுதும் வரைக்கும் கட்டு அவிழவில்லை. இதற்குக் காரணம் சிறுமிகளின் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல்வி ஆய்வாளர் ஜேன் மார்கோலிஸ் லாஸ் ஏஞ்சலிஸின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் நீச்சலில் தொடங்குகிறது. கறுப்பினத்தவர் நீந்தமாட்டார்கள் என்ற நம்பிக்கை, அவர்களை நீச்சல்குளங்களுக்குள் விடாத வரலாற்றிலிருந்து பிறந்தது. கணினியும் அப்படியே. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் நிறைந்த பள்ளியில் கணினிகள் இருந்தன. கணினி வகுப்பு என்ற பெயரும் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தட்டச்சும் வெட்டி ஒட்டுவதும்தான் கற்பித்தார்கள்.

நடன முகாம்களை அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களை, சில நாள், சில வாரம் பார்த்தவை. முகாமின் முதல் நாளைவிடக் கடைசி நாளில் சிறுமிகளுக்கு ஆர்வமும் புரிதலும் கூடியிருந்தன என்று அவை சொல்கின்றன. நான் அதை நம்புகிறேன். அடுத்து அளக்க வேண்டியது பள்ளியை. நியூயார்க்கில் கோடை முகாம் ஆகஸ்டில் முடிகிறது, பள்ளி செப்டம்பரில் திறக்கிறது. மணிக்கட்டு தோளைத் தாண்டும் நொடியை எண்ணாகப் பிடித்து விளக்கேற்றக் கற்றவள், ஒளிரும் உடையை மடித்து வைத்துவிட்டு, எந்த வகுப்பறைக்குள் போய் உட்காருகிறாள் என்று பார்க்க வேண்டும். அந்த வகுப்பில் நிரல் எழுத ஒரு பாடவேளை உண்டா, அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் உண்டா என்பதையும்.